அடையாற்று முகத்துவாரத்தில் பழுப்புத்தலைக் கடற்காகம்

முன்னுரை

சென்னை மாநகரின் தென்பகுதியில், பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அடையாறு வங்கக் கடலில் கலக்கின்றது. வடகரையில் சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பு. தென்கரையில் 1882-ஆம் ஆண்டு முதல் பிரம்மஞான சபையின் தோப்பு. இரண்டுக்கும் நடுவே அகன்று கிடக்கும் கழிமுகத்தில் நீரும் மணலும் சேறும் மாறி மாறித் தோன்றும். திரு.வி.க. பாலத்தின் மீது பேருந்தில் செல்லும்போது நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடம் அது. அதே இடத்தைத் தேடி, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இமயத்தின் மேட்டுநிலங்களிலிருந்து ஒரு பறவை ஆண்டுதோறும் வருகின்றது. அதன் பெயர் பழுப்புத்தலைக் கடற்காகம்.

நாம் வெறுத்து ஒதுக்கும் இடத்தில் அப்பறவை என்ன பெறுகின்றது? இரண்டு குளிர்காலங்களாகக் கழிமுகத்துக்குச் சென்று பார்த்தவற்றையும், நூல்களில் பயின்றவற்றையும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் வரலாறும்

கடற்காகம் என்று பெயர் பெற்றிருப்பினும் காக்கைக் குடும்பத்துக்கும் இப்பறவைக்கும் உறவு இல்லை. உள்ளான், உப்புக்கொத்தி முதலிய கரைப்பறவைகளும், ஆலாக்களும் அடங்கிய வரிசையைச் சேர்ந்தது இது. ஆயினும் கடலோரத்து வெண்ணிறப் பறவையைக் காக்கை என்று அழைக்கும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு பாடல்களுள் ஒரு பத்துக்குச் சிறுவெண்காக்கைப் பத்து என்றே பெயர். காக்கையைப் போலவே மனிதர் வாழும் இடத்தை அண்டி, கிடைத்ததைத் தின்று, கூட்டமாகக் கத்தும் இயல்பு கருதி இவ்வகைப் பெயர் அமைந்திருக்கலாம்.

அறிவியலுக்கு இப்பறவையை அறிமுகப்படுத்திய இதழும் நம் நகரத்து இதழே. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயப் படையின் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன் என்பார், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியல் ஒன்றைச் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் தொடராக வெளியிட்டார். அதில் 1840-இல் இப்பறவைக்குப் பெயர் சூட்டினார். அவர் இட்ட சிறப்புப் பெயரான பிரன்னிசெபலஸ் என்பதற்குப் ‘பழுப்புத் தலையுடையது’ என்பது பொருள். நெடுங்காலம் லாரஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பறவை, இன்று குரோயிகோசெபலஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்படுகின்றது.

இப்பெயரை நம்பிக் கடற்கரைக்குச் செல்பவர் ஏமாந்து போவார். மார்கழியிலும் தையிலும் நம் கரையில் நிற்கும் பறவைகளின் தலை வெள்ளையாகவே இருக்கும். பழுப்புத் தலை என்பது அதன் இனப்பெருக்கக் காலத்துக் கோலம். நம்மிடம் வரும்போது அக்கோலத்தைக் களைந்துவிட்டே வருகின்றது. எனவே, பெயரைக்கொண்டு இதனை அடையாளம் காண இயலாது. உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும்.

தோற்றம்

அலகு நுனி முதல் வால் நுனி வரை 41 முதல் 45 செ.மீ. நீளம் இருக்கும். நம் வீட்டுக் காக்கையைவிடச் சற்றே பெரிது எனலாம். சிறகை விரித்தாலோ ஒரு மீட்டருக்கு மேல் நீளும். முதுகும் சிறகின் மேற்புறமும் வெளிர்சாம்பல் நிறம். வயிறும் வாலும் வெள்ளை. அலகும் கால்களும் சிவப்பு. அலகின் நுனி கருமையாக இருக்கும். விரல்களுக்கிடையே தோல் இணைந்திருப்பதால் வாத்தைப் போல் நீந்த வல்லது. குளிர்காலத்தில் வெள்ளைத் தலையில், கண்ணுக்குப் பின்னால் காது இருக்கும் இடத்தில், மை தொட்டு வைத்தாற்போல ஒரு கரும்புள்ளி காணப்படும்.

சிறகின் நுனியில் கவனிக்கத்தக்க ஓர் அமைப்பு உண்டு. நுனி முழுவதும் கறுப்பு. அக்கறுப்பின் நடுவே, வெளிப்புற இறகுகளில், வெண்மையான புள்ளிகள் இரண்டு தெரியும். பறவையியலார் இவற்றைக் ‘கண்ணாடி’ என்பர். பறவை தலைக்கு மேல் திரும்பும்போது இப்புள்ளிகள் தெளிவாகத் தெரியும். நுனி கறுப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கருநிறப் பொருள் செறிந்த இறகு, வெள்ளை இறகைவிட உறுதியானது, எளிதில் தேயாது. காற்றை அதிகம் அறுத்துச் செல்லும் நுனிப்பகுதிக்கு அவ்வுறுதி தேவை.

இதனோடு மயங்கத்தக்க பறவை கருந்தலைக் கடற்காகம். அது உருவில் சற்றுச் சிறியது. அதன் தலையும் குளிர்காலத்தில் வெள்ளையே. காதுப் புள்ளியும் உண்டு. வேறுபாட்டைக் கண்ணிலே காணலாம். வளர்ந்த பழுப்புத்தலைக் கடற்காகத்தின் விழி வெளிறியிருக்கும். கருந்தலைக் கடற்காகத்தின் விழி கருமையானது. சிறகு நுனியில் கண்ணாடிப் புள்ளிகளும் அதற்கு இல்லை. ஆயினும் பழுப்புத்தலையின் இளம்பறவைக்கும் விழி கருமையாகவே இருக்கும்; கண்ணாடிப் புள்ளிகளும் இரா. வெள்ளை வாலின் ஓரத்தில் கரும்பட்டை ஒன்று ஓடுமானால் அது இளம்பறவை என்று கொள்ளலாம். இளம்பறவை முழு வளர்ச்சி அடைய இரண்டு ஆண்டுகள் ஆகும்.

ஆலாக்களையும் பிரித்தறிதல் வேண்டும். ஆலாவின் உடல் மெலிந்தது, சிறகு குறுகலானது, அலகு கூரியது. அது நீருக்கு மேல் பறந்து, தலையைத் தாழ்த்தி நோக்கி, அம்பு போல் பாய்ந்து மீனைப் பற்றும். கடற்காகம் அவ்வாறு நீருக்குள் பாய்வதில்லை. நீரின் மேற்பரப்பில் கிடைப்பதை எடுக்கும். அல்லது கரையில் நடந்து பொறுக்கும்.

பழக்கவழக்கங்கள்

உணவில் இப்பறவைக்கு விருப்பு வெறுப்பு இல்லை. சிறு மீன், இறால், புழு, பூச்சி ஆகியவற்றோடு செத்த மீனையும் கழிவையும் தின்னும். விடியற்காலையில் மீன்பிடிப் படகுகள் கரை சேரும் வேளையில் இவை கூட்டமாக வட்டமிடும். வலையிலிருந்து உதறப்படும் பயனற்ற சிறு மீன்களுக்காக ஒன்றையொன்று துரத்தும். ஆலா ஒன்று மீனோடு எழும்பினால் அதனை விரட்டி, அது நழுவவிடும் மீனைப் பற்றிக்கொள்வதும் உண்டு. உழைத்துப் பெறுவதும் பறித்துப் பெறுவதும் இதற்கு ஒன்றே. கரகரத்த குரலில் இடைவிடாது கத்துவதால், பார்ப்பதற்கு முன்பே காதில் விழும் பறவை இது.

சீனிவாசபுரத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “ஐயா, இந்தப் பறவை எப்போ வரும், எப்போ போகும்?” என்று கேட்டேன். “மழ தொடங்குனா வரும் தம்பி. பங்குனி போச்சுன்னா ஒண்ணையும் பாக்க முடியாது. போற நேரத்துல மூஞ்சி கறுத்துப் போயிரும்” என்றார். நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர் மூன்று வரிகளில் கூறிவிட்டார். மாசி பிறந்ததும் தலையின் வெள்ளை இறகுகள் உதிர்ந்து, பழுப்பு இறகுகள் முளைக்கத் தொடங்கும். முதலில் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும். பங்குனியில் பல பறவைகளின் முகமும் தலையும் காப்பிக்கொட்டை நிறம் பெற்றுவிடும். கழுத்தை ஒட்டிய விளிம்பு மட்டும் இன்னும் கருமையாக இருக்கும். ஜெர்டன் சூட்டிய பெயருக்கு அப்போதுதான் பொருள் விளங்கும். விளங்கிய சில நாட்களிலேயே பறவை புறப்பட்டுவிடும்.

கடலோரப் பறவைக்கு உப்பு ஒரு பெருஞ்சிக்கல். உப்புநீரும் உப்பு மிகுந்த இரையும் உடலில் சேர்ந்தால், சிறுநீரகத்தால் மட்டும் அவ்வளவு உப்பையும் வெளியேற்ற இயலாது. அதற்கென்று கடற்காகத்தின் கண்களுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் உள்ளன. குருதியிலிருந்து பிரிக்கப்படும் உப்பு, செறிந்த நீராக மூக்குத் துளை வழியே வடிந்து அலகு நுனியில் சொட்டும். பறவை அவ்வப்போது தலையை உதறுவதைக் காணலாம்.

இரை தேடும் நேரத்தைவிட இது நிற்கும் நேரம் அதிகம் என்பது நான் தொடர்ந்து கவனித்த செய்தி. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் படகுகளின் பரபரப்பு அடங்கியதும், கூட்டம் முகத்துவாரத்து மணல் திட்டில் இறங்கும். எல்லாம் காற்று வரும் திசையை நோக்கியே நிற்கும். அவ்வாறு நின்றால் இறகு கலையாது; ஆபத்து வந்தால் உடனே எழும்பவும் முடியும். பின்பு வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டு, இறகுகளை ஒவ்வொன்றாகக் கோதும். சில ஒற்றைக்காலில் உறங்கும். பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தோன்றும். உண்மையில் தின்ற இரையைச் செரித்துக் கொழுப்பாகச் சேர்ப்பதும், பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகை வளர்ப்பதும் இந்த ஓய்வில்தான் நடைபெறுகின்றன. இவ்விரண்டும் கைகூடாவிடில் திரும்பும் பயணம் கைகூடாது.

தாயகம்

அப்பயணம் எளியதன்று. இப்பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் நடு ஆசியாவின் மேட்டுநில ஏரிகள். திபெத்திலும், சீனத்தின் சிங்ஹாய்ப் பகுதியிலும், நம் நாட்டின் லடாக்கிலும் அவை உள்ளன. லடாக்கின் சோமோரிரி ஏரி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. 2002-இல் அது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்த சோகர் ஏரி 2020-இல் அப்பட்டியலில் சேர்ந்தது. கோடையில் அவ்வேரிகளின் தீவுகளிலும் சதுப்புகளிலும் இவை கூட்டமாகக் கூடு அமைத்து, இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். பனிக்காலத்தில் ஏரி உறைந்துவிடும். மீனும் பூச்சியும் பனிக்கட்டியின் கீழ் மறைந்த பின் அங்கே வாழ வழியில்லை. குளிரைவிடப் பசியே இப்பறவையைத் தெற்கே அனுப்புகின்றது.

இந்தியக் கடற்கரை முழுவதும், இலங்கை, வங்கதேசம், தென்கிழக்கு ஆசியக் கரைகளிலும் இவை குளிர்காலத்தைக் கழிக்கும். தமிழ்நாட்டில் பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி ஆகிய இடங்களிலும் காணலாம். சென்னை நகரின் நடுவிலே பேருந்தில் சென்று இறங்கிக் காணக்கூடிய இடம் அடையாற்று முகத்துவாரம்.

ஓரிடத்தில் நேரும் கேடு மற்றோரிடத்தைத் தொடும் என்பதற்குச் சிங்ஹாய் ஏரியே சான்று. 2005-ஆம் ஆண்டு அவ்வேரியில் பரவிய பறவைக் காய்ச்சலால் 6,000-க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் மாண்டன. வரித்தலை வாத்துகளோடு பழுப்புத்தலைக் கடற்காகங்களும் அவற்றுள் அடங்கும். அங்கே ஒரு கோடையில் கூட்டம் குறைந்தால் இங்கே ஒரு மார்கழியில் கரை வெறிச்சோடும். அவ்வாறே, இங்கே ஓய்வின்றி மெலிந்த பறவை அங்கே கூடு கட்டாது. மலையேரி, கடற்கழி என்னும் இரண்டு வீடுகள் உடைய பறவைக்கு ஒன்று மட்டும் இருந்து பயனில்லை.

வாழிடமும் அதன் நிலையும்

அடையாற்று முகத்துவாரம் எப்போதும் திறந்திருப்பதில்லை. நம் கரையோரமாகக் கடலலை மணலை ஓயாது நகர்த்திக்கொண்டே இருக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் செல்லும். வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் அதன் தென்புறம் மணல் சேர்ந்து மெரினா அகன்றதும், வடபுறம் இராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதனாலேயே. ஆற்றில் நீர்வரத்து மிகுந்திருக்கும்போது வெள்ளம் முகத்துவார மணலைத் தள்ளிவிடும். கோடையில் நீர்வரத்து ஒடுங்கியதும் மணல் குறுக்கே வளர்ந்து வாயை அடைத்துவிடும்.

மணல்மேடு முழுவதும் அடைத்துவிட்டால் ஓதம் உள்ளே வராது, வடியவும் செய்யாது. நம் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆயினும் தட்டையான கழிமுகத்தில் அந்த ஒரு மீட்டர், பரந்த சேற்று நிலத்தை ஒரு நாளில் இருமுறை மூடித் திறக்கின்றது. திறக்கும்போதுதான் புழுவும் நண்டும் பறவைக்குக் கிட்டும். வாய் அடைபட்டால் கழிவுநீர் தேங்கிச் சேறு மூழ்கிக் கிடக்கும். நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். முற்றிலும் மணல் இன்றி வாய் அகன்றுவிட்டாலோ பறவை நிற்பதற்குத் திட்டு இராது. திறந்த வாயும் அதன் ஓரத்தில் ஒரு திட்டும் சேர்ந்திருப்பதே இப்பறவைக்கு ஏற்ற நிலை.

மூன்றாவது தேவை அமைதி. மணல் திட்டுக்குக் கரையிலிருந்து நடந்து செல்லும் வழி ஏற்பட்டால் தெருநாய்களும் மனிதர்களும் சென்றுவிடுகின்றனர். ஒரு நாய் ஓடினால் முழுக் கூட்டமும் எழும்புகின்றது. சிறிது நேரம் கடலின் மேல் சுற்றி மீண்டும் இறங்குகின்றது. மீண்டும் விரட்டப்படுகின்றது. ஒரே காலையில் பலமுறை இவ்வாறு நிகழ்வதைக் கண்டேன். ஒவ்வொரு முறையும் செலவாவது, வடக்கே செல்வதற்காகச் சேர்த்து வைத்த கொழுப்பு. கல்லெறிந்து கொல்வது மட்டும் கேடன்று. நிற்கவிடாமல் செய்வதும் கேடே.

மற்றொரு கருத்தையும் தயக்கமின்றிக் கூற விரும்புகின்றேன். இக்கழிமுகத்தைச் சேர்ந்த ஓடைப்பகுதியில் 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பைமேடாய்க் கிடந்த இடம் நீரும் மரமும் பெற்றது பாராட்டுக்குரியது. வக்காவும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் அதனால் பயன்பெறும். ஆனால் கடற்காகம் மரத்தில் அடையும் பறவையன்று. அதற்கு வேண்டியது நாற்புறமும் கண்ணுக்கெட்டிய வரை தெரியும் வெற்று மணல். ‘வெறுமையாய்க் கிடக்கின்றதே, மரம் நடலாமே, நடைபாதை இடலாமே’ என்று நல்லெண்ணத்தோடு நாம் கூறும் இடமே அதன் வீடு. எல்லா வெற்று நிலமும் மரத்துக்காகக் காத்திருக்கும் நிலமன்று.

சட்டம் இதனை உணர்ந்தே இருக்கின்றது. 1991-இல் முதன்முதல் வெளியிடப்பட்டு, 2011-இலும் 2019-இலும் திருத்தி அமைக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயிர்ப்புள்ள சேற்றுநிலங்களை மிகுந்த பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்துள்ளது. 2020 பிப்ரவரியில் வலசை உயிரினங்களுக்கான பன்னாட்டு மாநாடு குசராத்தின் காந்திநகரில் நடைபெற்றது. இப்பறவை செல்லும் மத்திய ஆசிய வான்வழியில் 30 நாடுகள் உள்ளன. அவ்வழியின் ஒரு சிறு படிக்கட்டு நம் அடையாற்றில் இருக்கின்றது.

மாணவர் செய்யத்தக்கவை

முதலாவது, பார்த்தல். நவம்பர், சனவரி, மார்ச்சு ஆகிய மூன்று மாதங்களில் ஒவ்வொரு முறையேனும் ஓதம் வடியும் காலையில் சென்று, ஒரே இடத்தில் நின்று பார்த்தால், வெள்ளைத் தலை பழுப்பாகும் மாற்றத்தை ஒரே ஆண்டில் கண்டுவிடலாம். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நான்கைந்து பேருக்கு ஒரு தொலைநோக்கி போதும். திட்டின் மீது ஏறிச் செல்லாமல் கரையிலேயே நிற்றல் வேண்டும்.

இரண்டாவது, எழுதிவைத்தல். நாள், நேரம், ஓதத்தின் நிலை, எண்ணிக்கை, இளம்பறவை எத்தனை, எத்தனை முறை எதனால் கலைந்தன என்பவற்றைக் குறித்தல் வேண்டும். 1978-இல் தோன்றிய சென்னை இயற்கையாளர் சங்கத்தினர் இத்தகைய குறிப்புகளின் அருமையை அறிந்தவர்கள். 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் எவரும் கலந்துகொள்ளலாம். கடற்காகங்கள் நம் கரையில் நிறைந்திருக்கும் காலமும் அதுவே.

மூன்றாவது, பேசுதல். முகத்துவாரத்தைத் தூர்வாரும் திட்டமோ, கரையை அழகுபடுத்தும் திட்டமோ வரும்போது, ‘மணல் திட்டுக்கு என்ன ஆகும்? எந்த மாதத்தில் வேலை நடக்கும்?’ என்று கேட்க ஒருவராவது வேண்டும். குறிப்பேட்டோடு கேட்பவரின் கேள்விக்கு மதிப்பு உண்டு.

முடிவுரை

தோற்றத்தால் எளியது, குரலால் இனிமையற்றது, உணவால் தூய்மையற்றது என்று பழுப்புத்தலைக் கடற்காகத்தைப் பற்றிக் கூறலாம். ஆனால் 4,500 மீட்டர் உயரத்து ஏரியையும் அடையாற்றுச் சேற்றையும் ஒரே வாழ்வில் இணைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. நம்மிடம் அது கேட்பது சோறும் கூண்டும் அல்ல. ஓதம் வந்து போகும் ஒரு வாயில், அதன் அருகே ஒரு மணல் திட்டு, அத்திட்டில் ஐப்பசி முதல் பங்குனி வரை கலையாத நிழலற்ற ஓய்வு. இவற்றைத் தருவதற்கு நகரம் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. அவ்விடம் பயனற்றதன்று, ஓர் உயிரின் உறைவிடம் என்று நாம் முதலில் ஒப்புக்கொண்டால் போதும்.